இரண்டு கையால் அமுக்குகிறவன்

எங்கள் பிரஸ் ஷாப்பில் மூன்று பாஷை பேசுவார்கள். மூன்றிலும் எனக்கு ஒரே பேர்தான். தமிழ் பேசுகிறவர்கள் லூசு என்றார்கள். கன்னடம் பேசுகிறவர்கள் ஹுச்சா என்றார்கள். பாகலூர்ப் பக்கமிருந்து வந்த தெலுங்குக்காரர்கள் பிச்சோடு என்றார்கள். யாரும் கோபமாகச் சொன்னதில்லை. "லூசு, அந்த எண்ணெய் டப்பாவ இப்பிடித் தள்ளுப்பா" என்பார்கள். தள்ளுவேன். எனக்குப் பேச்சு குறைவு. நாலு பேர் சேர்ந்து நின்றால் அந்த வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறவன். அதனால் அந்தப் பேர் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இது எண்பதுகளின் நடுவில். ஓசூர் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். அதற்கு முன்னால் நானும் அம்மாவும் ஊரில் கூலி வேலைக்குப் போனவர்கள். கேழ்வரகு அறுப்பு, கொள்ளு பிடுங்குவது, கவுண்டர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டுவது, எது இருக்கிறதோ அது. அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். நான் அஞ்சாவது வரை படித்தேன். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் கேட்டில் போய் நின்றேன். பேர் எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். எழுதிக் காட்டினேன். அன்றைக்கே உள்ளே விட்டார்கள்.

வண்டிகளுக்குப் போகிற சின்னச் சின்னத் தகட்டுச் சாமான்கள் செய்யும் இடம் அது. பவர் பிரஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் இரும்பு மிஷின். கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. டை என்போம். கீழ் டையில் தகட்டை வைத்துவிட்டு, மிஷினின் இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மேல் டை இறங்கி ஒரு குத்துக் குத்தும். தகடு வளைந்து பீஸ் ஆகிவிடும். இரண்டு பட்டன் எதற்கு என்றால், இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது. அவ்வளவுதான் விஷயம். மிஷின் செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

எங்கள் ஷாப்பில் யாரும் இரண்டு கையால் அமுக்க மாட்டார்கள். இடது பட்டனை உள்ளே தள்ளி, அது திரும்பி வராதபடி ஒரு மரக்கட்டையைச் செருகி, மேலே சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அங்கே ஒரு கை இருக்கிறது என்று மிஷின் நம்பிக்கொள்ளும். இடது கை தகட்டை வைக்கவும் எடுக்கவும். வலது கை பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும். இதற்குக் கட்டை வைப்பது என்று பேர். கட்டை வைத்தால் பீஸ் இரண்டு மடங்கு வரும். ஷிப்ட் முடிந்ததும் அவரவர் எண்ணிக்கையைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். கம்பெனி கேட்கிற எண்ணிக்கை இரண்டு கையால் அமுக்கினால் எட்டாது. கட்டை வை என்று ஆபீசில் யாரும் சொன்னதில்லை. எடு என்றும் யாரும் சொன்னதில்லை.

நான் வேலைக்குப் போன முதல் நாள் மிஷின் நெற்றியில் ஒட்டியிருந்த சின்னப் பலகையைப் பார்த்தேன். 'இரண்டு கைகளாலும் அழுத்தவும்' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுதியிருக்கிறது, அப்படியே செய்தேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்தவர்கள் அதை என்னைவிட வேகமாகப் படிப்பார்கள். ஆனால் அவர்களுக்கு அது சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி மாதிரி. இருப்பது தெரியும், பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பயம். மேல் டை இறங்கும்போது தரை அதிர்ந்து குதிகாலில் ஏறும். அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாகவே இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, எனக்கு நாலு வருஷம் ஆகியும் பழகவில்லை. இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சொன்னால் பொய்யாகிவிடும்.

ஷாப்பில் நாற்பது பேர். பாதிப் பேருக்கு விரல் கணக்கு சரியாக இருக்காது. அதை வைத்தே பேர் வைத்திருந்தார்கள். போர்மேனுக்கு ஒம்பது விரல், பேரும் ஒம்பது. அவர் அத்திப்பள்ளியிலிருந்து தினம் வந்து போகிற கன்னடக்காரர், மிஷின் ஓட்டி மேலே வந்தவர். என் பக்கத்து மிஷினில் திருநெல்வேலிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் எட்டரை. இடது கையில் சுண்டு விரல் அடியோடு இல்லை, மோதிர விரலும் பாதிதான். சொந்த ஊரில் பீடிக் கம்பெனியில் இருந்துவிட்டு இவ்வளவு தூரம் வந்தவன். எனக்கு அந்த ஷாப்பில் சிநேகிதன் என்று சொல்ல அவன் ஒருவன்தான். நான் பேசாமல் இருக்கிறதுக்கும் சேர்த்து அவன் பேசுவான்.

"ஏல, வெரலு போனா என்னல? போன மறுமாசமே என்னைய பர்மனென்ட் ஆக்கிட்டானுவள்லா? நீ பத்து வெரலயும் வச்சுக்கிட்டு இன்னும் டெம்பரவரியா நிக்க. யாருல புத்திசாலி?"

அவன் சொன்னது உண்மை. கை போனவனை மறுமாதமே பர்மனென்ட் ஆக்குவார்கள். வெளியே போய்ப் பேசாமல் இருப்பதற்கு அது ஒரு வழி. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்தவனை, உனக்கு வேலை நிச்சயமாகிவிட்டது என்று மற்றவர்கள் கட்டிப்பிடித்துச் சந்தோஷப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். அவனும் சிரித்தான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் வீடு இருந்தது, வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் ஜீப் கேட்டுக்கு வருவதற்கு முன்னால் வாட்ச்மேன் ஆளனுப்பிவிடுவார். இரண்டு நிமிஷத்தில் அத்தனை கட்டையும் காணாமல் போகும். டிபன் பாக்ஸுக்குள், பேன்ட் பைக்குள், கழிவுத் தகட்டுக் குவியலுக்குள். எல்லாரும் இரண்டு கையால் மெதுவாக அமுக்குவார்கள். பழக்கமில்லாததால் ஒரு கை முந்தும், ஒரு கை பிந்தும், மிஷின் இறங்காது. போர்மேன் இன்ஸ்பெக்டரை நேராக என்னிடம் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்.

"தினமும் இப்படித்தான் செய்வீங்களா?" என்று அவர் கேட்பார்.

"ஆமாங்க" என்பேன். அது உண்மைதானே.

அன்றைக்கு மட்டும் போர்மேன் எனக்குத் தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். ஜீப் வெளியே போன சத்தம் கேட்டதும் டிபன் பாக்ஸ்கள் திறக்கும். பத்து நிமிஷத்தில் நான் மறுபடி ஹுச்சா.

பேர் ஷாப்புக்குள்ளேயே இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அது ஊருக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்தும் சுற்று ஊரிலிருந்தும் பலபேர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்துபோனார்கள். எனக்கு இருபத்தாறு வயசு. அம்மா பெண் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் சூளகிரிப் பக்கம் ஒரு இடம். எல்லாம் பேசி முடித்த பிறகு, பையன் கொஞ்சம் மூளை சரியில்லாதவன் என்று கேள்விப்பட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் சொல்லியனுப்பக்கூட இல்லை. அம்மா போய் நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அம்மா என்னிடம் நேராகக் கேட்டாள். "நீ கம்பெனில என்னாதான்டா பண்ற?"

"ரெண்டு கையால அமுக்குறேம்மா."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இதற்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது, நான் மறைக்கிறேன் என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பூசாரி வேப்பிலையால் தண்ணீர் அடித்துக் கயிறு கட்டுவார். கன்னடத்தில், என்ன செய்கிறான் என்று கேட்டார்.

"மிஷின ரெண்டு கையால அமுக்குறான் சாமி" என்றாள் அம்மா.

"எத்தனை கையால் அமுக்க வேண்டும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பூசாரி, வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று கயிற்றைக் கட்டி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது இடம் அஞ்செட்டி போகிற வழியில் ஒரு கிராமம். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பஸ், அது வராத நாளில் நடைதான். நானும் அம்மாவும் ஒரு மாமாவும் போனோம். பெண் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் கூச்சத்தில் குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போகும்போது திரும்பி, "ஆறிப்போயிருக்கும், வேற கொண்டாரட்டுமா?" என்று கேட்டாள். "பரவால்லீங்க" என்றேன். பேசினது அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. முன்னே இரண்டு இடம் தட்டிப்போனபோது அம்மாதான் அழுதாள். இது தட்டிப்போனால் நான் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். விசாரித்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் பக்கத்து மிஷின்காரனிடம் சொன்னேன். சொல்ல எனக்கு அரை நாள் ஆயிற்று. அவன் கேட்டுவிட்டு ஒன்றும் கேலி செய்யவில்லை. பேக்கிங் பெட்டியிலிருந்து ஒரு துண்டு மரத்தை எடுத்து, சாப்பாட்டு நேரம் முழுக்க அரம் போட்டு இழைத்தான். என் மிஷின் பட்டனுக்கு அளவு பார்த்துப் பார்த்து இழைத்தான். முனையில் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கினான். மற்றவர்கள் கட்டை கரடுமுரடாக இருக்கும். இது சாமி முன்னால் வைக்கலாம் போல இருந்தது.

"இந்தால. இத வச்சுக்கோ. நாலு நா வேல செய்யி, பேரு தானா மாறும். பொண்ணு வீட்டுக்காரன் வந்து கேட்டா நான் பதில் சொல்லுதேன்."

வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் செருகினேன். ரப்பரை அவனே கட்டிவிட்டான்.

முதல் ஒரு மணி நேரம் உள்ளங்கை வேர்த்தது. அப்புறம் நடந்ததை எழுதத்தான் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன். பயம் போய்விட்டது. சொல்லப்போனால் சுகமாக இருந்தது. நாலு வருஷமாக மற்ற மிஷின்களெல்லாம் ஒரு தாளத்திலும் என் மிஷின் ஒரு தாளத்திலும் ஓடியது. அன்றைக்கு என் மிஷினும் அந்தச் சத்தத்தோடு கலந்துவிட்டது. எது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. இடது கை உள்ளே போய் வருகிறது, டை இறங்குகிறது, கை உள்ளே போய் வருகிறது. யோசிக்க ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் நான்தான் எதையோ பெரிதாக நினைத்துக்கொண்டு இருந்தேனோ என்று தோன்றியது. நிஜமாகவே எனக்கு மூளையில் ஏதோ கோளாறு இருந்து, இப்போது சரியாகிவிட்டது என்று நானே நம்பினேன்.

மூன்றாம் நாள் என் எண்ணிக்கை பலகையில் மற்றவர்கள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தது. போர்மேன் வந்து தோளைத் தட்டினார். "ஈக சரி ஹோய்த்து" என்றார், இப்போது சரியாகிவிட்டது என்று. கேண்டீனில் எனக்கு இடம் விட்டார்கள். ஒரு வாரத்தில் லூசு என்ற பேரைச் சொல்ல மறந்துவிட்டார்கள். சிரிக்காமல் என்னிடம் பேசினார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அது கிடைக்காமல் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்போது அவரைக்காய் சீசன். மார்கழிப் பனியில் ஓசூர் முழுக்க அவரைக்காய் வாசனைதான் அடிக்கும். ஷிப்ட் விடுகிற நேரம் கம்பெனி கேட்டுக்கு எதிரே கூடை வைத்துக்கொண்டு பெண்கள் உட்காருவார்கள். புதிதாக ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயசிருக்கும், கருத்த உடம்பு, கனத்த குரல். நான் எப்போதும்போல் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டதால் அவளைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் தெரிந்திருக்காது. எனக்குக் காபி கொடுத்த அந்தப் பெண்ணுக்கு அவள் பெரியம்மா. நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் ஊரில் இல்லை. அவரைக்காய் விற்கிற சாக்கில் என்னை விசாரிக்க வந்திருந்தாள்.

அன்றைக்கு அங்கே நடந்ததை என் சிநேகிதனும் சொல்லியிருக்கிறான், அந்த அம்மாள் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒரு தடவை சொல்லுவாள். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் காய் அளந்து போட்டுக்கொண்டே, என் ஊர் பேரைச் சொல்லி, "அந்த ஊர் பையன் ஒருத்தன் இங்க இருக்கானாமே, எப்பிடி அவன்?" என்று கேட்டிருக்கிறாள். நாலு பேர் கூடைக்கு முன்னால் குந்தி நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தன் சொன்னான்: "யாரு, நம்ம லூசா?"

உடனே என் சிநேகிதன் பதறிப்போய், "ஏ, சும்மா கெடல! யக்கா, அது முன்னால. இப்பம் அவன் தெளிஞ்சிட்டான். பத்து நாளாச்சு. ஒரு கொறையும் இல்ல, தங்கமான பய" என்றான்.

"தெளிஞ்சிட்டானா? அப்ப முன்ன என்னா பண்ணான்? துணிய கிழிச்சுக்கிட்டானா?"

"ச்சே, அதெல்லாம் இல்லக்கா. மிஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும். நாங்கள்லாம் ஒண்ணுக்குக் கட்ட வச்சிட்டு ஒரு கையால அமுக்குவோம். அவன் மட்டும் ரெண்டு கையால அமுக்கிக்கிட்டு கெடந்தான், நாலு வருசமா. யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்."

"ரெண்டு பட்டன் எதுக்கு வச்சிருக்கான்?"

"அது, கை உள்ள மாட்டக் கூடாதுன்னு."

அந்த அம்மாள் படியைக் கூடைக்குள் வைத்துவிட்டாள். முன்னால் காய் பொறுக்கிக்கொண்டிருந்த கைகளை அப்போதுதான் பார்த்தாளாம். அதுவரை காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர், எட்டு கை. அவள் ஒவ்வொரு கையாகப் பார்க்கப் பார்க்க, அவர்கள் ஒவ்வொருவராகக் கையை இழுத்துக்கொண்டார்கள் என்று அவள் சொல்லுவாள். என் சிநேகிதன் மட்டும் இழுக்கவில்லை. அவனுக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று புரியவில்லை.

"எங்க ஊர்ல ராகி கதிர் முத்தினா யானை வரும்" என்றாள் அவள். "வந்தா ஊரே ஓடும். ஒருத்தன் ஓடாம அங்கியே நின்னான்னா, அவன லூசுன்னு சொல்லுவோம். இங்க ஊரே நிக்கிறீங்க. ஓடுறவன லூசுங்கிறீங்களே. என்னாப்பா ஊரு இது?"

ஒருத்தன், "யானைய வுடும்மா, காய போடு, பஸ்ஸு வருது" என்றானாம்.

மறுநாள் ஷிப்ட் விட்டதும், யாரோ என்னைக் கைகாட்ட, அவள் கூடையை விட்டு எழுந்து வந்து என் வழியை மறித்து நின்றாள். யாரென்று சொன்னாள்.

"கைய காட்டு."

ரேகை பார்க்கப்போகிறாள் என்று உள்ளங்கையை நீட்டினேன். அவள் ரேகையைப் பார்க்கவில்லை. சந்தையில் கோழி வாங்குகிறவள் மாதிரி ஒவ்வொரு விரலையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையும் பார்த்து முடித்துவிட்டு விட்டாள்.

"பத்து நாளா தெளிஞ்சிட்டியாமே?"

"ஆமாங்க."

"ஏன்?"

உங்கள் பெண்ணுக்காகத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "எல்லாரும் லூசுன்னு சொல்றாங்க. அத கேட்டு ரெண்டு எடம் தட்டிப்போச்சு" என்றேன். அவ்வளவு நீளமாக நான் ஒரு அன்னிய மனுஷியிடம் பேசியதே இல்லை.

"நாங்க சொன்னமா? நாங்க எதாவது சொன்னமா?"

"இல்லீங்க."

"தபாரு தம்பி. அந்தப் பொண்ண நான் தூக்கி வளத்தவ. தெளிஞ்சவனுக்கெல்லாம் குடுக்க மாட்டேன். மூணு முடிச்சு போட வெரல் வேணும். அதுக்கப்புறமும் வேணும். நாளைக்குப் போயி அந்தக் கட்டைய எடுத்துடு. பழையபடி லூசாவே இரு. எடுத்துட்டன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கும் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

"எடுத்தா பர்மனென்ட் ஆக மாட்டாங்க" என்றேன். மறைத்துக் கல்யாணம் செய்ய எனக்கு மனசு இல்லை.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். சும்மா தட்டிக்கழிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தாள். "நீ பர்மனென்ட்டா இருந்தா போதும்" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் என்ன யோசனை என்று தோன்றும். பெண் கிடைக்கிறது, விரல் தங்குகிறது, எடுத்துப் போட வேண்டியதுதானே. ஆனால் பத்து நாள் நான் மனுஷனோடு மனுஷனாக இருந்திருக்கிறேன். மறுபடி அந்தப் பேருக்குத் திரும்பிப் போக வேண்டும். முன்னே தெரியாமல் லூசாக இருந்தேன். இனிமேல் தெரிந்தே இருக்க வேண்டும். அதுவும் நாற்பது பேர் பார்க்க, கட்டையைச் செய்து கொடுத்தவன் பக்கத்தில் நின்று பார்க்க.

காலையில் போனேன். ரப்பரை அவிழ்த்தேன். கட்டையை எடுத்து மிஷின் மேல் வைத்தேன். தகட்டை வைத்து, இரண்டு கையையும் கொண்டுபோய் அமுக்கினேன். குதிகாலில் அந்த அதிர்வு ஏறியது. பத்து நாளாக அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பக்கத்து மிஷின் நின்றது.

"என்னல, ரப்பர் அந்துட்டா?"

"இல்ல. எடுத்துட்டேன்."

"எதுக்குல?"

"அவங்க எடுக்கச் சொன்னாங்க. பொண்ணு வீட்ல."

அவன் கட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் முகம் என்னமோ போல ஆகிவிட்டது. நான் அவனை அவமானப்படுத்திவிட்டது மாதிரி இருந்தது. ஆனால் எப்படிச் சமாதானம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் யாரோ பார்த்துவிட்டார்கள். "ஏய், நம்மாளு மறுபடி ஆரம்பிச்சிட்டான்டோய்!" என்று ஒரு குரல். ஒருத்தன் ஸ்பேனரால் மிஷினைத் தட்டினான். இன்னொருத்தன் தட்டினான். கொஞ்ச நேரத்தில் ஷாப் முழுக்கத் தட்டினார்கள். போர்மேன் வந்து பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். காது சூடாக இருந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சிநேகிதன் என்னோடு உட்காரவில்லை. ஷிப்ட் விட்டதும் எனக்கு முன்னால் வேகமாகக் கேட்டுக்குப் போனான். நேராகக் கூடைக்கு முன்னால் போய் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "யக்கா, ஒங்க மாப்ள மறுபடியும் கெட்டுப் போயிட்டான்! இன்னைக்குக் காலைலேர்ந்து ரெண்டு கையிதான்!" என்றான். கோபமாகத்தான் சொன்னான்.

"அப்பிடியா?" என்றாள் அவள். "அப்ப தை பொறந்ததும் வெத்தல பாக்கு மாத்திக்கலாம்னு அவங்கம்மாகிட்ட சொல்லு."

நான் எட்டியே நின்றிருந்தேன். பிறகு அவன் வேறு குரலில் கேட்டது எனக்குக் கேட்டது. "அப்பம் எங்களுக்கெல்லாம் பொண்ணு கெடையாதாக்கா?"

அவனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அந்த அம்மாள் அவன் பையை வாங்கிக் காயை அள்ளி அள்ளிப் போட்டாள். "உனக்கு என்னாப்பா, நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்க. இருக்கிறத பத்தரமா வச்சுக்கோ, அது போதும்" என்றாள்.

தை மாதம் நிச்சயம் ஆயிற்று, பங்குனியில் கல்யாணம். ஷாப்பில் பாதிப் பேர் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். என்னை மணமேடையில் பார்த்து, "ரெண்டு கையால கட்டுறா லூசு!" என்று கத்தினார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும்.

அந்த மிஷினில் இன்னும் மூன்று வருஷம் நின்றேன். பர்மனென்ட் ஆகவில்லை. பிறகு பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள், அதற்குப் பிறகு நானே வேறு இடம் பார்த்துக்கொண்டேன். வீட்டில் கஷ்டம் இருந்தது. கட்டை வைத்திருந்தால் இந்தக் கஷ்டம் இருந்திருக்காது என்று நான் நினைத்த நாட்களும் உண்டு. என் மனைவி ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.

என் மனசில் இருக்கிறது வேறு விஷயம். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று என் சிநேகிதன் மிஷினைப் பார்த்தேன். எனக்காக இழைத்த அந்த வழவழப்பான கட்டையைத் தன் பட்டனில் செருகியிருந்தான். பார்க்க அழகாகப் பொருந்தியிருந்தது. எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் சொன்ன பிறகு அவன் காதில் அது விழுந்திருக்கும். நான்தான் சொல்லவில்லை. சொன்னால் ஏதாவது நினைத்துக்கொள்வானோ, பெரிய மனுஷனாகிவிட்டான் என்று சிரிப்பார்களோ என்று கூச்சம். மூன்று வருஷம் பக்கத்தில் நின்றேன், தினமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நான் பேக்கிங்குக்குப் போன வருஷம் அவன் இடது கையில் கட்டைவிரலும் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அவன்தான் பேசினான், எப்போதும்போல. நான் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வாங்கிப் போன ஆரஞ்சை உரித்து அவன் வாயில் ஊட்டிவிட்டு வந்தேன்.